தையல்காரர் எந்தப் பக்கம்

அவரிடம் ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிடுவார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். “என்னா ஆமாம்? எதுக்கு ஆமாம்?” என்பார். அதுவரை அவர் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நாம் ஒத்துக்கொண்டிருப்போம். ஆனால் அந்த நிமிஷமே அவர் கட்சி மாறிவிடுவார். உழுகிறவனுக்கே நிலம் என்று முழங்கிக்கொண்டிருந்தவர், நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஊரே பட்டினி கிடக்கும் என்று ஆரம்பித்துவிடுவார். அவர் விட்டுவிட்டுப் போன கட்சியை நாம்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். தட்டுத்தடுமாறிப் பேசி நமக்கு மூச்சு வாங்கும்போது, “இப்பத்தான் நீ கம்யூனிஸ்ட்டு” என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிப்பார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம் நான் மில்லில் தறிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். நெல்லித்தோப்பில் என் வீட்டுக்கு நாலு கடை தள்ளி அவருடைய தையல் கடை. ஊரில் எல்லோரும் அவரை ‘கமராது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் தோழர் என்று அர்த்தம். கட்சிக்காரர்கள் மரியாதையாகச் சொல்வார்கள், மற்றவர்கள் கிண்டலாகச் சொல்வார்கள், இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை. எழுதினால் ஏன் எழுதினாய் என்று கேட்கிற ஆள் அவர். எழுதாவிட்டாலும் கேட்பார்.

ஆளைப் பிடித்து வைத்துப் பேச அவரிடம் ஒரு வழி இருந்தது. சட்டைக்கு அளவு கொடுக்கப் போனால் தோளை நிமிர்த்தி, கையை இறக்கி, அசையாமல் நிற்கச் சொல்வார். டேப்பைக் கழுத்தில் சுற்றியதும் பேச்சு தொடங்கும். காலர் அளவு எடுப்பதற்குள் உபரி மதிப்பு வந்துவிடும். கைநீளத்துக்கு வரும்போது சோவியத்துக் கூட்டுப்பண்ணை. நாம் தப்பித்து ஓட முடியாது, ஏனென்றால் டேப்பின் இரண்டு முனையும் அவர் கையில். சாதாரணமாகப் பிற கடைகளில் நிமிஷத்தில் முடிகிற வேலை இவரிடம் ஒரு கூட்டம் நடக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளும். அப்படியும் சட்டை இறுக்கமாகத்தான் வரும். பேச்சு மும்முரத்தில் அளவு மறந்துபோயிருக்கும். “ஒடம்பு வச்சிட்ட தம்பி” என்று பழியை நம்மேல் போட்டுவிடுவார்.

அவர் மனைவி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஒரு தடவை என்னிடம் அலுத்துக்கொண்டார். “வீட்டுலயும் இதே ரோதனதான் தம்பி. கொழம்புல உப்பு இல்லன்னுவாரு. போட்டுக்கினு வந்து வச்சா, உப்பில்லாம சாப்டறவன்தான் நெடுநாளு இருப்பான்னு பேச ஆரம்பிச்சுடுவாரு. உப்பு வேணுமா வாணாமான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து போய் உட்கார்ந்தால் மண்டை நிறையப் பேச்சோடு வீட்டுக்கு வருவேன். படுத்தபிறகு யோசித்தால், எது அவர் நம்பியது, எது எனக்காக மாற்றிச் சொன்னது என்று பிரிக்க வராது. இருந்தாலும் மறுநாள் போவேன். எனக்கு அப்பா இல்லை, படிப்பும் பாதியில் நின்றுபோனது. என்னிடம் ஒரு மனிதர் அபிப்பிராயம் கேட்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது அப்படித் தொனிக்காது.

தேர்தல் வந்தபோது ஓட்டுக் கேட்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அவரிடம் கவுன் தைக்கக் கொடுக்கும் ஓர் அம்மாள் இருந்தார், மதாம் என்று கூப்பிடுவோம். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனவர். வீடு முழுக்க மாதா படம். “கமராது, நீங்க சாமி இல்லன்ற கட்சி. எங்க சாமியாரு ஒங்களுக்குப் போடக் கூடாதுன்னு பூசையிலயே சொல்லிட்டாரு” என்றார் மதாம். நான் கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன். இவர் உட்கார்ந்துகொண்டார்.

“சாமியாரு சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க மதாம். ஏழைங்க ஏழையாத்தான் இருக்கணும். அவங்கவங்க தலையெழுத்து. நாம யாரு மாத்தறதுக்கு?”

மதாமுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஏசுநாதர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். தச்சன் வீட்டுப் பிள்ளை அவர் என்றார். பணக்காரனுக்கு மோட்சத்தில் இடம் கிடையாது என்று வேதத்திலேயே இருக்கிறது என்றார். இவர் சாமியார் கட்சியை விடவில்லை. கடைசியில் அந்தம்மாள் எழுந்து நின்று, “நீங்க என்னா கம்யூனிஸ்ட்டு? ஒங்களுக்கு அதோட அர்த்தமே தெரியல” என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார். தெருவில் இவர் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த அம்மாள் ஓட்டு யாருக்கு விழுந்தது என்று தெரியாது. எங்களுக்கு விழுந்திருந்தால் எங்கள்மேல் இருந்த கோபத்தில்தான் விழுந்திருக்கும்.

மில் விஷயத்தில் இந்தச் சிரிப்பு வரவில்லை.

வேலை முடிந்து வெளியே போகும்போது நூல் எடுத்துப் போகிறோமா என்று வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பெண்களையும் விடுவதில்லை. நூல் சுற்றும் ரீலிங் பகுதிப் பெண் ஒருத்தி அதில் அழுதுகொண்டே போனதிலிருந்து எங்களுக்குள் புகைந்துகொண்டிருந்தது. சோதனையை நிறுத்தச் சொல்லித் திரெக்தேரைப் பார்ப்பது என்று சங்கத்தில் முடிவாயிற்று. மில்லை நடத்திய வெள்ளைக்காரரைத்தான் திரெக்தேர் என்போம். போய்ப் பேச நான்கைந்து பேர். நானும் ஒருவன். யாருக்கும் வாய் வராது என்பதால் பயிற்சி கொடுக்கும் பொறுப்பைக் கமராது ஏற்றுக்கொண்டார்.

அந்தத் திரெக்தேருக்கே தைக்க வந்திருந்த கோட்டு ஒன்று கடையில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் கோடும் ஒட்டுத்தையல் நூலுமாக இருந்த அதை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டார். “நான்தான் தொர. வந்து கேளுங்க” என்றார்.

கேட்டோம். எங்களைக் கிழித்துத் தொங்கப்போட்டார். “சோதன போடலன்னா நூலு போவும். நூலு போனா நஷ்டம். நஷ்டம் வந்தா நான் மில்ல மூடிட்டு என் ஊருக்குப் போயிடுவேன். நீ எங்க போவ? இடுப்புல சுத்திக்கினு போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? சாப்பாட்டுத் தூக்குல வச்சிக்கினு போறாங்கன்னு தெரியாதா?” என்று மேலே மேலே போனார். உழவர்கரைப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒருவர் எழுந்து கைகட்டி, “சரிங்க தொர, நாங்க வரோம்” என்று வாசல்வரை போய்விட்டார். பிடித்து இழுத்து வந்தோம். விடாமல் பழக்கினார். துரை இதைச் சொன்னால் நீங்கள் அதைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எங்கள் வாயில் ஏற்றினார்.

உண்மையான திரெக்தேர் அறைக்குள் போனோம். பக்கத்தில் துபாஷ் வேலை பார்க்கும் குமாஸ்தா நின்றார். விஷயத்தைச் சொன்னோம். திரெக்தேர் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். பேனாவை மூடினார். பார்க்கலாம் என்று குமாஸ்தா மூலம் சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் திகைத்து நின்றோம். இத்தனை பதிலைச் சுமந்து வந்திருக்கிறோம், கேள்வியே வரவில்லை. எங்களில் மூத்தவருக்குப் பொறுக்கவில்லை. “இடுப்புல சுத்திக்கினு நூல் போவுதேன்னு நீங்க கேப்பீங்க” என்று அவராகவே ஆரம்பித்துவிட்டார். “சாப்பாட்டுத் தூக்குல போவுதேன்னு கேப்பீங்க.” குமாஸ்தா அதையும் வரிவிடாமல் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரெக்தேர் பேனாவை மறுபடி திறந்தார். “தூக்கிலுமா?” என்று கேட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து வாசலில் இன்னொரு காவலாள். தூக்குப் பாத்திரத்தையும் திறந்து காட்ட வேண்டும் என்று வந்தது. ரீலிங் பெண்கள் எங்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. கட்சியில் பெரியவர்கள் கமராதைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். இவர் அவர்களிடமும் வாதாடினாராம். அவர்கள் கண்டித்தது போதாது, தன்னைக் கட்சியைவிட்டே தூக்க வேண்டும் என்று அவர் காரணம் காட்டிப் பேச, அவர்கள் அப்படியெல்லாம் செய்ய முடியாது என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இந்த மனிதர் எங்கேதான் நிற்கிறார் என்ற எரிச்சலும் வந்தது.

இப்போது என் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பா போனபிறகு என்னை வளர்த்தது அவள்தான். கல்யாணமாகிக் கருவடிக்குப்பத்தில் இருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் அக்கா தினமும் நடந்து வந்து, அம்மாவுக்குத் தலைவாரிச் சோறு போட்டுவிட்டுப் போவாள். வேறு யார் கையிலும் அம்மா சாப்பிட மாட்டாள். மாமா, அதாவது அக்காவின் புருஷன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சைகோனில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்போம்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி முழுசாக இந்தியாவுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்கிறவர்கள் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். ‘ஒப்சியோன்’ என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வீடு அதே பேச்சு. மாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரான்சில் துலோன் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போவது என்று நின்றார். அக்கா போக மாட்டேன் என்று அழுதாள். “அம்மாவ யாருகிட்ட உட்டுட்டுப் போவேன்? மொழி தெரியாத ஊர்ல யாருகிட்டப் பேசுவேன்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா போய்விட்டால் எங்கள் வீடு வீடாக இருக்காது என்று எனக்குத் தெரியும். நேரே கமராதிடம் போனேன். மாமா மனசை மாற்ற அவரால்தான் முடியும் என்று கெஞ்சினேன்.

அன்றைக்கு அவர் எதிர்த்துப் பேசவில்லை. யோசித்தார்.

“ஒங்க மாமா எதச் சொன்னாலும் மாத்திச் சொல்ற ஆளு. போவாதீங்கன்னு நான் சொன்னா நாளைக்கே கப்பல் ஏறிடுவாரு. நான் பிரான்சு பக்கம் பேசறேன். அவரு தானா இந்தப் பக்கம் வந்துடுவாரு.”

மாமா குளிருக்குக் கோட்டு தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதுவே சாக்காயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் கையுமாகக் கமராது கருவடிக்குப்பத்துக்கு என்னோடு வந்தார். மாமா கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அக்கா அடுப்பங்கரையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு துணித் தடுப்புதான்.

“போறதுன்னு முடிவு பண்ணது நல்லதுங்க” என்று தொடங்கினார் கமராது. “அங்க யாரும் ஒங்கள எந்தத் தெருன்னு கேக்க மாட்டான். கொழாயடியில நீ முன்ன நில்லு, நீ பின்ன நில்லுன்னு கெடையாது. ஒடம்பு சரியில்லன்னா டாக்டரு, காசு கேக்க மாட்டான். பொட்டப்புள்ளன்னு யாரும் மூஞ்ச சுளிக்க மாட்டான். ஒங்க ரெண்டு பொண்ணுங்களும் எஞ்சினீரு ஆவலாம், ரயிலு ஓட்டலாம். பொம்பள வேலைக்குப் போனா சம்பளம் அவ கைக்குத்தான். புள்ளைங்களப் பாத்துக்க சர்க்காரே ஆயா வச்சிருக்கான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே பேச்சை வரிக்கு வரி அவர் கடையில் கேட்டிருக்கிறேன். அப்போது ஊர் மாஸ்கோ. இப்போது பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

“நிறுத்துய்யா” என்றார் மாமா. “நீ கண்டியா, நான் கண்டனா? பட்டாளத்துல எங்கள எப்பவும் முன்னால உடுவானுங்க. குண்டு மொதல்ல எங்களுக்கு. பின்னால அவன் வருவான். சைகோன் பக்கத்துல நாத்து நட்டுக்கினு இருந்த ஒருத்தியப் பாத்தேன். அசப்புல எங்கம்மா. அவமேல சுடச் சொன்னான்.” பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கமராது கையில் வைத்தார். “கோட்டு வாணாம். நான் எங்கயும் போவல.”

கமராது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உடம்பே லேசாயிற்று. அக்கா காப்பியோடு வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று பார்த்தேன். டம்ளரைக் கமராது முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, ரயிலு கூட ஓட்டலாமா பொண்ணுங்க?”

கமராது டம்ளரை எடுக்கவில்லை.

“ரெண்டும் பொட்டயாப் பெத்துட்டேன்னு எங்க மாமியா தெனம் சொல்றாங்க. அங்க அப்படிச் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் மாமா பக்கம் திரும்பினாள். “எழுதிக் குடுங்க. நான் வரேன்.”

கமராது உடனே கட்சி மாறினார். அன்றைக்கும் மறுநாளும் முயன்று பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். குளிரைச் சொன்னார், கறுப்பர்களை வெள்ளைக்காரர்கள் நடத்துவதைச் சொன்னார், அம்மாவைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. எல்லாம் அவர் அன்று கூடத்தில் பேசியதிலிருந்து எடுத்த பதில். இவ்வளவு நன்றாகப் பேசக்கூடியவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. ஒரு வாரத்தில் மாமாவும் மசிந்தார். தான்தானே முதலில் போக வேண்டும் என்றது, பிறகு ஏன் வேண்டாம் என்றோம், இப்போது யார் பேச்சில் போகிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. கெடுவுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவிடம் அக்கா என்ன சொன்னாளோ, இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்து அம்மா, “போவட்டும்டா” என்றாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கோட்டைக் கமராதுதான் தைத்தார். இந்தத் தடவை அளவு கச்சிதமாக இருந்தது.

அந்த வருஷக் கடைசி. எல்லையில் சீனாவோடு சண்டை வந்து, சிவப்புக் கொடிக்காரர்களை ஊரே முறைத்துக்கொண்டிருந்த சமயம். அவர் கடைக்கு ஆள் வரத்துக் குறைந்துவிட்டது. வந்தவர்களும் அளவைச் சொல்லிவிட்டு எட்டி நின்றார்கள். விழுப்புரம் போகிற ரயிலில் அக்கா குடும்பம் ஏறிய அன்று, கூப்பிடாமலே அவர் ரயிலடிக்கு வந்திருந்தார். பெட்டிகளை ஏற்றினோம். குழந்தைகள் ஜன்னல் இடத்துக்குச் சண்டை போட்டன. மாமா கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். வண்டி ஊதியதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. பயந்துவிட்டாள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். என்னைத்தான் பிடிக்கப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் கமராதின் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, நீங்க அன்னிக்குச் சொன்னதெல்லாம் நெசந்தான?”

வாயெடுத்தால் இரண்டு பக்கமும் பேசக்கூடியவர் அன்றைக்கு ஒரே பக்கம்தான் பேசினார்.

“நெசந்தாம்மா. தைரியமாப் போ.”

வண்டி போய்விட்டது. நாங்கள் இருவரும் நெல்லித்தோப்புக்கு நடந்தோம். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு யார் சோறு போடுவது என்ற நினைப்பு வேறு. சந்தில் திரும்பும்போது கேட்டேவிட்டேன்.

“நெசமாவா? நீங்க என்னா, பிரான்சப் பாத்தீங்களா?”

அவர் நடையை நிறுத்தாமல் சொன்னார். “நான் ரஷ்யாவ மட்டும் பாத்தேனா தம்பி?”

கடைக்கு முன்னால் வந்து நின்றோம். அவர் கதவைத் திறக்காமல், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் எதிர்த்து ஏதாவது சொல்ல மாட்டேனா என்று காத்திருந்தார். நான் அம்மாவுக்குச் சோறு போட வீட்டைப் பார்த்து நடந்தேன்.